மோட்டார் கொட்டகையில் பதினாறு நாள் இருந்த சாமி

“...கட்டிக் குடுத்துட்டா அந்த வூட்டு சாமிதான் ஒனக்கு சாமின்னீங்க. சரின்னேன். அந்த வூடு கதவச் சாத்திக்கிச்சே, இப்ப எனக்கு எந்த சாமி? அத மொதல்ல சொல்லுங்க பெரியண்ணா, அப்பறமா என் அடுப்பக் காலால தள்ளலாம்.”

சொன்னது என் அத்தை. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. கேட்டுக்கொண்டு நின்றது பெரியப்பாவும், அவருக்குப் பின்னால் எங்கள் பங்காளிகள் இருபத்தேழு குடும்பத்து ஆண்களும். வெயில் ஏறுவதற்கு முந்தின நேரம். அந்த வார்த்தையைச் சொன்னபோது அத்தையின் இடுப்பில் எங்கள் குலதெய்வம் இருந்தது. ஆமாம், இடுப்பில்தான், பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்வது மாதிரி. கை தவறி எழுதவில்லை. கொஞ்சம் பொறுங்கள், அந்த இடுப்புக்குச் சாமி வந்து சேர்ந்த கதையைச் சொல்லிக்கொண்டே மறுபடி இந்த இடத்துக்கு வந்துவிடுகிறேன்.

இதையெல்லாம் படிக்கப்போவது என் வயதுக்காரர்களான நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். உங்களிடமும் யாராவது கேட்டிருப்பார்கள். போன வாரம் எதிர்வீட்டுப் பெண் நோட்டும் பேனாவுமாக வந்து நின்றாள். “ஸ்கூல்ல ப்ராஜெக்ட் ஆன்ட்டி. இந்து மதம் எப்ப ஆரம்பிச்சது, யாரு ஆரம்பிச்சாங்க, எப்பிடிக் கும்புடறாங்க. மூணும் ஒரே பக்கத்துல வரணுமாம்.”

ஒரு பக்கமா! எனக்குச் சிரிப்பும் வந்தது, உற்சாகமும் வந்தது. நான் எட்டாவதோடு நின்றவள். மீதியெல்லாம் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, கட்டி வந்த காகிதத்தில் படித்ததும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் சொன்னதும்தான். படித்தவர்கள் வேதம் என்பார்கள், ஆகமம் என்பார்கள். இருக்கட்டும். ஆற்றங்கரையில் தீ வளர்த்தவர்கள் இருந்தார்கள். காட்டில் கல்லை நட்டு மஞ்சள் பூசியவர்கள் இருந்தார்கள். மலைமேல் வேலை ஊன்றியவர்கள் இருந்தார்கள். எல்லாரும் அவரவர் வாய்க்காலில் வந்து ஒரே ஏரியில் விழுந்தார்கள். ஏரியைப் பார்த்து, “நீ எந்த வாய்க்கால் தண்ணி?” என்று கேட்டால் அது என்ன பதில் சொல்லும்? நான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: “யார் ஆரம்பித்தார் என்று எனக்குத் தெரியாது கண்ணு. ஆனால் ஒரு கோயில் ஆரம்பித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒன்பது வயதில்.” அவள் நோட்டை மூடிவிட்டுக் கேட்க ஆரம்பித்தாள். இப்போது நீங்கள் கேளுங்கள்.

எங்கள் முன்னோர்கள் மரக்காணம் பக்கத்துக் கடலோரத்துக்காரர்கள். எந்தக் காலத்திலோ நிலம் தேடி மேற்கே நடந்து காணைப் பக்கம் வந்து தங்கிவிட்டார்கள். ஆள் வந்தது, மாடு வந்தது, விதை வந்தது. சாமி மட்டும் வரவில்லை. எல்லையம்மன் அங்கேயே பனைமரங்களுக்கு நடுவில், அலை இரைச்சலைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மொட்டை போட வேண்டும், காது குத்த வேண்டும் என்றால் விழுப்புரம், திண்டிவனம், மரக்காணம் என்று பஸ் மாறி மாறிப் போக வேண்டும். போய்ச் சேருவதற்குள் பிள்ளை அழுதே பாதி மயிர் கொட்டிப்போகும் என்பாள் என் அம்மா.

பங்காளிகளில் பெரியவரான பெரியப்பா ஒரு முடிவு எடுத்தார். பிடிமண் எடுத்து வந்துவிடுவது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன், எனக்குச் சொல்லப் பிடிக்கும். சாமி இருக்கிற இடத்தில் பூசை போட்டு, உத்தரவு வாங்கி, ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்து வந்து புது இடத்தில் இறக்கினால் சாமியும் கூடவே வந்துவிடும். பழைய இடத்திலும் குறையாது. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கு மங்கியா போகிறது? ஒரே ஒரு நிபந்தனை. வழியில் எங்கேயும் மண் தரையைத் தொடக் கூடாது. தொட்ட இடமே கோயில். அப்புறம் கும்பிட்டாலும் அழுதாலும் அவள் அங்கிருந்து எழுந்திருக்க மாட்டாள்.

பங்குனி மாதக் கடைசி. பரீட்சை முடிந்திருந்தது. பெரியப்பாவும் அப்பாவும் பிடிமண் எடுக்கப் புறப்பட்டார்கள். பூசைச் சாமானும் தண்ணீர்ச் சொம்பும் தூக்கிவர அத்தை. தரையில் புரண்டு அழுததால் நான்.

அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. அப்போது அவளுக்கு ஐம்பதை ஒட்டின வயது. கட்டிக் கொடுத்த மூன்றாம் வருஷமே அவள் வீட்டுக்காரர் வடக்கே லாரியோடு போனவர் போனவர்தான். சாவுச் செய்தியும் இல்லை, ஆளும் இல்லை. கழுத்தில் தாலி இருந்தது, வீடு இல்லை. மாமியார் வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். அண்ணன்மார் வீட்டில் மாடு பார்த்து, களை எடுத்து, எல்லார் பிள்ளையையும் குளிப்பாட்டிக்கொண்டு இருந்தாள். யாரும் அவளைக் குறையாக நடத்தவில்லை என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கடலோரத்தில் எங்கள் சாமிக்கு இத்தனை காலமும் விளக்கு வைத்தது ஒரு மீன்பிடிக் குடும்பம். அந்த வீட்டுப் பெரியவர் வலை காய்ந்த வாசனையோடு வந்து, கற்பூரம் காட்டி, மண்ணை அள்ளித் துணியில் போட்டார். ஈரமான, கிளிஞ்சல் துணுக்கு மின்னுகிற மண்.

“எங்களுக்கும் அவதான் காவலு. கடலுக்குப் போறப்ப அவ மொகத்தப் பாத்துட்டுத்தான் கட்டுமரத்த எறக்குவோம். கூட்டிக்கினு போங்க. ஆனா வழியில குந்த வெச்சிடாதீங்க. அவ குந்துனா குந்துனதுதான்” என்றார்.

பெரியப்பா முடிச்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். திண்டிவனம் பஸ்ஸில் உப்பளங்கள் ஜன்னலில் வெள்ளை வெள்ளையாக ஓடின. நான் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு சாமி! நம்மோடு பஸ்ஸில்! மேட்டில் பஸ் குலுங்கினால் அவளுக்கு வலிக்குமா?

கண்டக்டர் வந்தார். “மடியில இன்னாங்க, லக்கேஜா?”

“சாமிப்பா” என்றார் பெரியப்பா விறைப்பாக.

கண்டக்டர் செருப்பை உதறிவிட்டு முடிச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கையை நீட்டினார். பெரியப்பா முடிச்சை மேலே தூக்கிவிட்டார். “தொடாம கும்புடுங்க.” கண்டக்டர் சிரித்தார். “சரிங்க. சாமிக்கு டிக்கெட்டு கெடையாது. ஆனா நீங்க சீட்ட வுட்டு எழுந்தீங்கன்னா அவங்களையும் யாரும் ஒக்கார வுட மாட்டாங்க, பாத்துக்கோங்க.” பஸ்ஸே சிரித்தது. அத்தையும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

திண்டிவனம் பஸ் நிலையத்தில் இறங்கி விழுப்புரம் பஸ்ஸுக்காக நின்றோம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்று சொல்வார்களே, அது இங்கேதான். விழுப்புரத்திலிருந்து வந்த பஸ் ஒன்று நிற்பதற்குள் அதிலிருந்து ஒருவர் குதித்தார். என் தாய்மாமா. சட்டை திருப்பிப் போட்டிருந்தது. துண்டு இடுப்பில். எங்களைப் பார்த்ததும் வேகமாக நடந்து வந்தார்.

அத்தை அடிக்கடி ஒன்று சொல்வாள்: “கல்யாணத்துக்குச் சொல்ல வர்றவன் நடை வேற, கருமாதிக்குச் சொல்ல வர்றவன் நடை வேற.” மாமா வந்த நடையைப் பார்த்ததும் அவள் சொம்பைக் கீழே போட்டாள். டணார் என்று அது உருண்டது.

“யோவ்! வாயத் தொறக்காத! அங்கியே நில்லு!”

பஸ் நிலையமே திரும்பிப் பார்த்தது. வெள்ளரிக்காய் விற்பவள் கூடையோடு ஒதுங்கினாள். மாமா வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்.

“பெரியண்ணா, குடு! ஜல்தி குடு இப்பிடி!”

“இன்னாடி இது, பொம்பள கையில...”

“அவன் மூஞ்சப் பாருணா! தீட்டு வருது!”

அந்த ஒரு சொல் போதும். பெரியப்பா நெருப்பைத் தள்ளுகிற மாதிரி முடிச்சை அவள் கையில் வைத்தார். அத்தை அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஐந்தாறு அடி பின்னால் போனாள். மூச்சு வாங்கிக்கொண்டு, “இப்ப சொல்லுய்யா” என்றாள்.

“மூத்த தாத்தா காத்தால போயிட்டாரு” என்றார் மாமா.

எங்கள் பங்காளிகளில் எல்லாருக்கும் மூத்தவர் அவர். பங்காளி செத்தால் பங்காளி எல்லாருக்கும் பதினாறு நாள் தீட்டு. கோயில் கிடையாது, விளக்கு கிடையாது, சாமியைத் தொடக் கூடாது. அந்தத் தீட்டு காற்றில் வருவதில்லை, செய்தி காதில் விழுந்த கணத்தில் வருகிறது. பெரியப்பா கையில் சாமி இருக்கும்போது செய்தி விழுந்திருந்தால்? அத்தை அந்த இடைவெளியில்தான் பாய்ந்திருந்தாள்.

அவளுக்கு மட்டும் ஏன் தீட்டு இல்லை? அதுதான் வேடிக்கை. எங்கள் குலத்துக்குக் கட்டி வந்த என் அம்மாவுக்குத் தீட்டு உண்டு, ஒன்பது வயசு எனக்கும் உண்டு. இந்த வீட்டிலேயே பிறந்து, இந்த வீட்டுக் கூழைக் குடித்துக்கொண்டிருந்த அத்தைக்கு இல்லை. கட்டிக் கொடுத்த அன்றைக்கே அவள் வேறு குலம். மாமாவுக்கும் இந்தத் தீட்டு இல்லைதான். ஆனால் அவர் சாவு வீட்டுக்குள் போய் வந்தவர். பெரியப்பா யோசித்தார். வெளியாள் கையில் சாமியைக் கொடுக்க மனசு இல்லை.

“நீயே வெச்சிக்கம்மா. நீ நம்ம ரத்தம், ஆனா நம்ம தீட்டு இல்ல” என்றார்.

நம்ம ரத்தம்! அத்தை முகம் சிவந்து போனது. அன்றைக்கு அதை வெயில் என்று நினைத்தேன்.

தீட்டு வீட்டுக்குள் சாமி வரக் கூடாது. ஊருக்கு வெளியே பெரியப்பா நிலத்தில், கிணற்றை ஒட்டி மோட்டார் கொட்டகை இருந்தது. அதில் அத்தை தன் பழைய சேலையை உத்தரத்தில் தூளியாகக் கட்டி, முடிச்சை அதில் படுக்க வைத்தாள். தரைக்கும் சாமிக்கும் நடுவில் மூன்று முழம் காற்று. பதினாறு நாள் அவளும் அங்கேதான். நடு வயசு தாண்டியவள் என்பதால் மாதத் தடையும் கிடையாது என்று என் அம்மா பெரியம்மா காதில் சொன்னாள்.

கொட்டகைக்கு முன்னால் ஒரு வாய்க்கால் ஓடியது. பெரியப்பா அதைக் காட்டிச் சட்டம் போட்டார். இந்தப் பக்கம் தீட்டு, அந்தப் பக்கம் சாமி. தீட்டுக்காரர்கள் யாரும் தாண்டக் கூடாது.

விடிந்தால் நான் வாய்க்கால் கரையில்தான். பச்சையாகப் பிடுங்கிப்போட்ட மல்லாட்டைச் செடியின் மண் வாசனை, மோட்டார் கிரீஸ் வாசனை, அதன் நடுவில் கற்பூரம். இன்றைக்கும் எந்தப் பெரிய கோயிலுக்குப் போனாலும் என் மூக்கு அந்த கிரீஸைத் தேடும். முதல் நாள் காலையில் அத்தை தூளிக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“இன்னா பண்ணணும்னு எனக்கு இன்னாடி தெரியும்? மந்திரமா மாயமா? நான் மாட்டுக்குத் தண்ணி காட்டறவ.”

“மயிலத்துல மணி அடிப்பாங்க அத்தே!” என்று கத்தினேன். மலைக்கோயிலுக்கு இரண்டு தடவை போனவள் என்ற கர்வம் எனக்கு. “கற்பூரத்த மூணு சுத்து சுத்துவாங்க. பூ போடுவாங்க.”

“மணிக்கு எங்க போறது?”

“நம்ம காளை கழுத்துல கீதே!”

“அது ஒங்கப்பன் காளடி. தீட்டு காளை.”

அப்போது வரப்பில் போய்க்கொண்டிருந்த மாமா சொன்னார்: “மாடு எவனுக்கும் பங்காளி இல்ல. தாராளமா கழட்டிக்கோ.” காளையின் மணியைக் கழற்றி, கழுவி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீசினேன். எவ்வளவு நல்ல சத்தம் அது! கொஞ்சம் நசுங்கின வெண்கல மணி. அந்தப் பதினாறு நாளுக்கு அப்புறம் அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

அத்தையின் பூசை இப்படி. காலையில், “எழுந்திரிம்மா, விடிஞ்சிடிச்சி” என்பாள். கிணற்றுத் தண்ணீரைத் தொட்டுத் தெளிப்பாள். மஞ்சள் துணிக்கு மேலே ஒரு புதுத் துணியைச் சுற்றுவாள். ஆவாரம்பூ வைப்பாள். மல்லாட்டை எண்ணெய் ஊற்றி விளக்கு. அப்புறம் சாப்பாடு, ஒரு நாள் கேப்பைக் கூழ், ஒரு நாள் அவித்த மல்லாட்டை. “இன்னிக்கி இதாம்மா கீது. நாளைக்கி பாக்கலாம்.” பொழுது சாய்ந்தால் தூளியை ஓர் ஆட்டு ஆட்டி, “தூங்கு.” பெரிய கோயில்களில் பள்ளியெழுச்சி, நீராட்டு, அலங்காரம், நைவேத்தியம், பள்ளியறை என்று பெயர் வைத்துச் செய்கிறார்களே, அத்தனையையும் பெயர் தெரியாமல் அவள் செய்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியை எப்படிப் பார்த்துக்கொள்வோமோ அதுதான் பூசை. எதிர்வீட்டுப் பெண் இந்த ஒரு வரியை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கரண்டு வரும் நேரம் யாருக்கும் தெரியாது. திடீரென்று மோட்டார் உறுமும், கொட்டகையே அதிரும், தூளி தானாக ஆடும். “பாரு, நான் ஆட்டாதப்ப கவர்மெண்டு ஆட்டுது” என்பாள் அத்தை. நான் கரையில் விழுந்து விழுந்து சிரிப்பேன். கிணற்றுத் தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்து வந்து என் காலை நனைக்கும். சாமி இருக்கிற பக்கமிருந்து வருகிற தண்ணீர் தீட்டுப் பக்கம் வருகிறதே, அதற்கு ஒன்றும் ஆகாதா என்று கேட்டேன். “தண்ணிக்கு இதெல்லாம் தெரியாதுடி, வுட்டுடு” என்றாள்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ பக்கத்துத் தெருவிலிருந்து ஒருத்தி காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் வேறு குலம், வாய்க்காலைத் தாண்டலாம். அத்தை பதறினாள். “நான் பூசாரி இல்லம்மா.” “சாமி ஒன்கிட்டதானே கீது” என்றாள் வந்தவள். அத்தை அடுப்புச் சாம்பலை எடுத்துத் தூளிக்குக் காட்டிப் பிள்ளை நெற்றியில் பூசிவிட்டு, “வெயில்ல தூக்கிக்கினு அலையாத, டாக்டர்கிட்டயும் காட்டு” என்றாள். பிள்ளைக்குக் குணமானது. அதுக்கப்புறம் கேட்க வேண்டுமா! பத்தாம் நாள் வரப்பில் ஆள் நடமாட்டம் நிற்கவில்லை. பம்புசெட்டு அம்மன் என்று பெயரே வைத்துவிட்டார்கள். பெரியப்பா மழிக்காத தாடியோடு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்று தொண்டை கட்டக் கத்தினார்: “எல்லையம்மன்டா அவ! எல்லையம்மன்!”

அந்த நாட்களில் ஒருநாள் அத்தை கரைக்கு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். நடுவில் தண்ணீர்.

“எனக்கு ஒரு ஆசடி. தீட்டு கழிஞ்சி சாமிய எறக்கற அன்னிக்கி வூட்டுக்கு ஒரு பானை பொங்கல் வெப்பாங்க இல்ல? அதுல நானும் ஒரு பானை வெக்கணும். சின்னதுல எங்கப்பன் பானைக்கு வெறவு தள்ளிக்கினு இருந்தேன். அந்த வூட்டுக்குப் போனேன், அவங்க சாமி எந்தத் திக்குல கீதுன்னுகூட எனக்கு ஒருத்தரும் காட்டல. எம் பேருல ஒரு பானை இதுவரிக்கும் எந்த சாமிக்கும் பொங்குனதில்ல.”

அவ்வளவுதான் அவள் கேட்டது. நான் ஓடிப்போய் அப்பாவிடம் கேட்டேன். அப்பா, “பாக்கலாம்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை, திரும்பி ஓடிவந்து, “அப்பா சரின்னுட்டாரு!” என்று கத்திவிட்டேன். நம் அப்பாக்கள் சொன்ன ‘பார்க்கலாம்’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று இப்போது நமக்குத் தெரியும். ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது. அத்தை மறுநாளே குயவர் வீட்டுக்குச் சொல்லி அனுப்பி ஒரு புதுப் பானை வாங்கி வைத்துக்கொண்டாள்.

இதற்கு நடுவில் ஒரு பஞ்சாயத்து. திண்டிவனத்தில் செய்தி காதில் விழுந்தது சாமி கை மாறியதற்கு முன்னாலா, பின்னாலா? முன்னால் என்றால் சாமிக்கே தீட்டு, மறுபடி மரக்காணம் போக வேண்டும். பங்காளிகள் வாய்க்கால் கரையில் கூடினார்கள். மாமாவை நிறுத்தி வைத்துக் கேட்டார்கள்.

“நீ வாயத் தொறந்தியா இல்லியா?”

“தொறந்தேன். ஆனா ஒண்ணும் வெளிய வர்ல. அந்தம்மா போட்ட சத்தத்துல எனக்கே தொண்ட அடச்சிக்கிச்சி.”

“ஒன் மூஞ்சப் பாத்தே தெரிஞ்சிருக்குமே?”

“மூஞ்சுல எழுதியா ஒட்டிக்கினு வந்தேன்? பேஜாரா போச்சிய்யா ஒங்களோட! எம் மூஞ்சி எப்பவுமே இப்பிடித்தான்.”

கடைசியில் பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். செய்தி விழும்போது சாமி தங்கச்சி கையில் இருந்தது. தங்கச்சி கட்டிக் கொடுத்தவள், நம் பங்காளி இல்லை. ஆகவே அவளுக்குத் தீட்டு இல்லை, ஆகவே சாமி சுத்தம். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தையும் சந்தோஷமாகத் தலையை ஆட்டினாள். அந்தத் தீர்ப்பில் தன் பானையும் சேர்த்து உடைந்துவிட்டது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

எனக்கு ஒருநாள் மாலையில்தான் அரைகுறையாகப் புரிந்தது. பெரியப்பா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “பானை வெச்சா தனிக் குடும்பம்னு ஆயிடும்டா. இன்னிக்கி பானைன்னுவா, நாளைக்கி நெலத்துல பங்குன்னுவா.” அப்பா கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அத்தை நிலம் கேட்டு நான் பார்த்ததில்லை. அண்ணன்மார் இருவரும் ஐம்பது வருஷம் கூட இருந்த தங்கையைத் தப்பாகக் கணித்தார்கள். அவர்களைத் திட்ட எனக்கு இப்போது மனசு வரவில்லை. பயந்தவர்களுக்கு அடுப்புக் கல் கூட எல்லைக் கல்லாகத்தான் தெரியும்.

பதினாறு கழிந்தது. பதினேழாம் நாள் காலை ஊரே தலை முழுகி ஈரத்தலையோடு நின்றது. புதுச் செங்கல்லில் பீடம் கட்டி, சுண்ணாம்பு அடித்து, காவிப் பட்டை போட்டிருந்தார்கள். அதற்கு எதிரே கிழக்கு பார்த்து வரிசையாக அடுப்புகள். மூன்று மூன்று கல், மேலே மஞ்சள் கட்டிய புதுப் பானை, பானையில் தண்ணீரும் பாலும், கீழே விறகு. எதிலும் தீ இல்லை. சாமியைப் பீடத்தில் இறக்கி, கற்பூரம் ஏற்றி, அந்தக் கற்பூரத்திலிருந்துதான் எல்லா அடுப்புக்கும் தீ போக வேண்டும். உறுமி மேளம் கேட்டுக் கேட்டு எனக்கு நெஞ்சே அதிர்ந்தது. பதினாறு நாள் தாண்டாத வாய்க்காலை அன்றைக்குப் பத்து தடவை தாண்டித் தாண்டிக் குதித்தேன்.

அத்தை கொட்டகையிலிருந்து வந்தாள். முடிச்சு இடுப்பில். மஞ்சள் பூசின முகம். எல்லாரும் வழி விட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பீடத்துக்கு அருகில் பெரியப்பா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். நீட்டினவர் கண் வரிசையின் கடைசிக்குப் போனது. இருபத்தேழாம் அடுப்புக்குப் பக்கத்தில் இன்னொரு அடுப்பு. விடியுமுன் அத்தையே வந்து போட்டு வைத்தது.

“இது யாரு அடுப்பு?”

“என்துதான் பெரியண்ணா.”

மேளக்காரர் கையை நிறுத்தினார். பெரியப்பா போய்ப் பானையை எடுத்து ஓரமாக வைத்தார். காலால் ஒரு கல்லைத் தள்ளினார், இன்னொரு கல்லைத் தள்ளினார்.

“ஒன்ன நாங்க வுட்டுட்டமா? பொங்கல் வாங்கிச் சாப்புடு, யாரு வேணான்னா. பானை பங்காளிக்கு. நீ பங்காளி இல்லன்னு ஊரறியத் தீர்ப்பு சொல்லித்தான் சாமிய சுத்தம்னு வெச்சோம். இப்ப மாத்திப் பேசுனா சாமிக்கே தீட்டு வந்துடும்.”

எப்பேர்ப்பட்ட கணக்கு பாருங்கள். அவள் எங்களைச் சேர்ந்தவள் என்றால் சாமி அசுத்தம். சாமி சுத்தம் என்றால் அவள் எங்களைச் சேர்ந்தவள் இல்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்தார். ‘அப்பா சரின்னுட்டாரு’ என்று கத்தின என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்போதுதான் அத்தை அந்தக் கேள்வியைக் கேட்டாள். எந்த சாமி எனக்கு என்று.

இருபத்தேழு குடும்பத்து ஆண்களும் ஈரத் துண்டை உதறித் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. மாமா மட்டும் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சத்தமாகச் சொன்னார்: “சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னுவாங்க. இங்க பூசாரியும் தயாரு, சாமியும் தயாரு. குறுக்க நிக்கறது யாருன்னுதான் தெரியல.” யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

“நேரம் ஆவுது” என்றார் பெரியப்பா. குரல் இறங்கியிருந்தது. “சாமியக் குடும்மா. மத்தத அப்பறம் பேசிக்கலாம்.” மறுபடியும் கையை நீட்டினார். நீட்டினாரே தவிர, ஓர் அடி கூடக் கிட்டே போகவில்லை. எப்படிப் போவார்? பிடுங்கினால் முடிச்சு அவிழும். அவிழ்ந்தால் மண் விழும். விழுந்த இடம் கோயில். இருபத்தேழு அடுப்பும் தீயில்லாமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அத்தை கோபப்படவில்லை. அழவில்லை. அண்ணனின் நீட்டின கைகளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு திரும்பி, சாமியை இடது கையால் இடுப்போடு இறுக்கிக்கொண்டு, வரிசையின் கடைசிக்கு நடந்தாள். தள்ளின கல்லை ஒற்றைக் கையால் இழுத்துப் பழைய இடத்தில் போட்டாள். இன்னொன்றையும் போட்டாள். ஆடுகிறதா என்று காலால் அழுத்திப் பார்த்தாள். பானையைத் தூக்கி மேலே வைத்தாள். இடுப்புச் செருகலிலிருந்து தீப்பெட்டியை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு குச்சியை உரசினாள். முடிச்சு தரையில் பட்டுவிடாமல் தோள்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, தன் அடுப்பை வாயால் ஊதினாள்.